டிமீட்டரம்மாவின் முறைப்பாடு

ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு வேலிச் சண்டை மத்தியஸ்த சபைக்கு வந்தால், இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் மட்டும் முதலிலேயே ஒன்றுபட்டுவிடும். பரமலிங்கம் வாயைத் திறக்கமுதல் சமாதானமாகிவிட வேண்டும். திறந்தாரோ, கிரேக்கம் வந்துவிடும். கிரேக்கம் வந்தால் மத்தியானச் சாப்பாடு போய்விடும்.

பரமலிங்கம் கமக்காரன். அவருடைய தகப்பன், குளத்துத் தண்ணீரையும் அரசாங்கம் கொடுத்த காணியையும் நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுக்கு வந்தவர். மகனுக்கு மூன்று ஏக்கர் வயலையும், எதையும் விட்டுக்கொடுக்காத குணத்தையும் விட்டுப்போனார். அப்படிப்பட்ட ஆளை மத்தியஸ்தராக்கியது யாருடைய யோசனையோ, ஊரில் ஒருவரும் பொறுப்பேற்கவில்லை. மனுஷனோ அந்த வேலையில் உயிரை வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூட மண்டபத்தில் சபை கூடும். மாடு வயலுக்குள் இறங்கியது, கிணற்றடியில் வார்த்தை தடித்தது, வேலி இரவோடிரவாக அரை முழம் நகர்ந்தது என்று வழக்குகள் வரும். மூன்று மத்தியஸ்தர்கள் கதிரை போட்டிருந்து இரு பக்கத்தையும் கதைக்கவைத்து இணங்கப்பண்ண வேண்டும். தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இல்லை. அதுதான் பரமலிங்கத்துக்குத் தீராத மனவருத்தம்.

கிரேக்கம் அந்த வீட்டுக்குள் நுழைந்தது ஒரே மகள் பிரஷாந்தினியால். அவள் உயர்தரத்தில் கலைப்பிரிவு. எடுத்த பாடங்களில் ஒன்று கிரேக்க உரோம நாகரிகம். அவளுக்குச் சத்தம் போட்டால்தான் பாடமாகும். பின்னேரங்களில் முற்றத்தில் மேலும் கீழும் நடந்து ஓதுவாள். தகப்பன் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடப்பார். ஒருநாள், குரோனஸ் தன் பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்கினான் என்று காதில் விழ, மனுஷன் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

"ஆர் பிள்ளை அது? பொலிசில ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"அப்பா, அது கிரேக்கக் கடவுள்."

"கடவுளெண்டால்? பெத்த பிள்ளையைத் தின்னலாமோ?"

அன்றிலிருந்து அவருக்குப் பின்னேரம் எப்போது வரும் என்றிருந்தது. ஊரார் தொலைக்காட்சியில் நாடகம் பார்த்த நேரத்தில் பரமலிங்கம் ஒலிம்பஸ் மலையைக் கேட்டார். கைலாயத்தில் ஒரு மாம்பழத்தால் வந்த சண்டை அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அங்கே அப்பிளுக்கும் சண்டையாம். ஆனால் நம்முடைய குடும்பம் ஒரு பழனியோடு முடித்துக்கொண்டது, அவர்களோ முழுப் பட்டணத்தையும் எரித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள். அவர் கண்ணுக்கு அவர்கள் தெய்வங்களாகத் தெரியவில்லை. இணக்கம் காணாத வழக்குகளாகத்தான் தெரிந்தார்கள். கால் ஏலாத கொல்லன் ஹெபேஸ்டஸ், மனைவியையும் அவளுடைய கள்ளக் காதலனையும் வலை போட்டுப் பிடித்து, ஊரைக் கூட்டிக் காட்டிய கதையைக் கேட்டு அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சோறு சாப்பிடும்போது முடிவு சொன்னார்.

"பிழை முறைப்பாட்டுக்காரனில. தன்ர வீட்டுக் கதையைத் தானே சபைக்குக் கொண்டுவரலாமோ?"

மனைவி கமலாசனி அவருடைய தட்டில் குழம்பை விட்டாள். அவளுக்கு இந்தக் குடும்பங்களில் ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் மகளும் தகப்பனும் ஒன்றாயிருந்து கதைப்பதைக் கேட்க அவளுக்கு ஆசை.

பரீட்சை முடிந்து மகள் மறந்த பிறகும் தகப்பன் மறக்கவில்லை. சபையில் எடுத்துவிடத் தொடங்கினார். பக்கத்து வயல்காரன் ஏரம்புவும் அவனுடைய ஒன்றுவிட்ட தமையனும் ஒரு துண்டுக் காணிக்கு அடிபட்டு வந்தார்கள்.

"கிரேக்கத்திலயும் இப்பிடி ஒரு காணிப் பிரச்சினை வந்தது," என்றார் பரமலிங்கம். "ஒரு ஊருக்குப் பொசைடனும் அதீனாவும் உரிமை கேட்டினம். அவர் ஈட்டியால குத்தினார், உப்புத் தண்ணி வந்தது. அவா ஒரு ஒலிவ் மரம் வைச்சா. சனம் மரம் வைச்சவவுக்கு ஊரைக் குடுத்தது."

ஏரம்பு யோசித்தான். "அந்த மரத்தை யானை முறிக்கேல்லையோ அண்ணை?"

"அங்க யானை இல்லை."

"அப்ப அந்தச் சட்டம் இஞ்ச சரிவராது."

சபையின் தவிசாளர் இராசமலர், ஓய்வுபெற்ற தபாலதிபர். முப்பது வருஷம் பார்சல் நிறுத்த கையால் ஆட்களையும் நிறுத்துப் பார்க்கப் பழகியவர். அன்று எல்லாரும் போனபின் பரமலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த ஆக்களை இனி இதுக்குள்ள கொண்டுவராதேங்கோ. அவையளில ஒருத்தரும் ஒழுங்கில்லை."

"ஒழுங்கில்லாதபடியால்தானே அக்கா வழக்கு வருது," என்றார் பரமலிங்கம்.

பிரஷாந்தினிக்குப் பரந்தனில் ஒரு போட்டோப் பிரதிக் கடையில் வேலை கிடைத்தது. கடைக்குப் பக்கத்தில் உழவு மெசின் திருத்துகிற கராஜ். கராஜில் சஜீவன். மிச்சத்தை விளங்கப்படுத்தக் கிரேக்கம் தேவையில்லை. ஆவணி மாதம் ஒருநாள் தொலைபேசி வந்தது.

"அப்பா, நானும் சஜீவனும் கலியாண எழுத்து எழுதிட்டம். அவையின்ர வீட்டிலதான் நிக்கிறம். நீங்களும் அம்மாவும் வாங்கோ."

பரமலிங்கம் போனை வைத்தார். பிறகு, "அவை எங்கட ஆக்களில்லை," என்றார், முற்றத்தைப் பார்த்து.

சஜீவனின் தகப்பன் ராசுவின் குடும்பம், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்கு ஓடிவந்து, பரந்தனுக்குப் பின்னால் காடு வெட்டிக் கச்சான் கடலை போட்ட குடும்பம். பரமலிங்கத்தின் குடும்பமும் வேறு ஊரிலிருந்து வந்து காடு வெட்டியதுதான். இரண்டு வீட்டாரையும் கடித்தது ஒரே நுளம்பு. யுத்த நேரம் இரண்டு வீட்டாரும் ஓடியது ஒரே றோட்டால். ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாங்கிய நுளம்புக்கடி ஒரு படி உயர்ந்தது என்று பரமலிங்கம் நினைத்துக்கொண்டிருந்தார். இதற்கு மடத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகள் திரும்பவும் அந்த முற்றத்தில் நடக்க வேண்டும். அதற்கு அவர் பரந்தனுக்குப் போய், "பிள்ளை, வா" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். முதலில் போகிறவன் தோற்றவன் என்பது அவர் தனக்கே போட்டுவைத்திருந்த சட்டம். அதனால் போகவில்லை. போகாமல் இருந்து, ஆளே பாதியாகிவிட்டார்.

அதை ஒத்துக்கொள்ளவும் அவரால் முடியவில்லை. ஆகவே வருத்தம் முழுவதையும் மனைவியின் தலையில் ஏற்றினார். "கமலாசனி உடைஞ்சுபோனாள்," என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அத்தாட்சியும் வைத்திருந்தார். முன்பு வீட்டைவிட்டு அசையாதவள், இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் விடிய வெளிக்கிட்டுக் கோயிலுக்குப் போகிறாள். பொழுதுபடத்தான் வருகிறாள். வந்தால், "பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கோ" என்கிறாள். நாள் முழுக்க விரதம் இருந்து இரவும் சாப்பிடாமல் படுக்கிற பெண் வேறு என்னத்துக்காகப் படுப்பாள்? போதாக்குறைக்கு அவளுடைய உடம்பு கொஞ்சம் வைத்துக்கொண்டு வந்தது. "துக்கத்தில ஊதுது," என்றார் பரமலிங்கம்.

அந்தக் கார்த்திகையில் அவர் பேருக்கு விதைத்ததோடு சரி, வயல் பக்கம் போகவில்லை. கோரைப்புல் நெல்லை மூடியது. யானைக் காவலுக்கு ஆளில்லாமல் ஒரு மூலையை யானை உழக்கிவிட்டுப் போனது. ஏரம்பு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அண்ணை, உங்கட வரம்பு உடைஞ்சு தண்ணியெல்லாம் என்ர வயலுக்க நிக்குது."

"மனுசிக்கு மனம் சரியில்லை, ஏரம்பு. அவள் இப்பிடி இருக்கேக்க எனக்கு வயல் என்ன, வரம்பு என்ன?"

ஏரம்பு குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தான். கமலாசனி மிளகாய் வறுத்துக்கொண்டு ஏதோ பாட்டை மெதுவாக முணுமுணுத்தாள். அவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரம்பைத் தானே கட்டப் போனான்.

அன்றைக்குத்தான் பரமலிங்கத்துக்கு டிமீட்டரின் ஞாபகம் வந்தது. மகளைப் பறிகொடுத்த தாய், காய்ந்துபோன வயல், கடைசியில் தேவராசன் சியுஸ் கண்ட இணக்கம். மகள் அதைப் பாடமாக்கியபோது அரைத் தூக்கத்தில் கேட்டது, இப்போது வரிவரியாக எழும்பி வந்தது. மறுநாளே இராசமலரின் வீட்டு வாசலில் நின்றார்.

"மனுசியின்ர சார்பில வந்திருக்கிறன் அக்கா. பிள்ளையைப் பிரிஞ்ச துக்கத்தில அவள் சாகப்போறாள்."

"பிள்ளைக்கு இருபத்திமூண்டு வயசு. எழுத்தும் முடிஞ்சுது. சபை இதில என்ன செய்யிறது?"

"பிரிச்சுவிடச் சொல்லேல்லை. பாதி கேக்கிறன். மாரியில காலபோகத்துக்கு எங்களோட, கோடையில சிறுபோகத்துக்கு அங்க. இதுக்கு முன்தீர்ப்பு இருக்கு."

"எந்தக் கோர்ட்டில?"

பரமலிங்கம் தொண்டையைச் செருமினார். இராசமலருக்கு விளங்கிவிட்டது. கதவைச் சாத்தத்தான் போனார். ஆனால் எதிரே நின்ற மனுஷனின் வெள்ளைச் சேட்டு, கொடியில் காயப்போட்டது போலத் தோளில் தொங்கியதைப் பார்த்தார். இந்தச் சாட்டிலாவது இரண்டு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கட்டும் என்று சனிக்கிழமைக்கு வரச் சொன்னார்.

சனிக்கிழமை பரமலிங்கம் மண்டபத்துக்குள் போய், பழக்கதோஷத்தில் மத்தியஸ்தர் கதிரையில் இருந்துவிட்டார். இராசமலர் விரலால் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். அங்கே சின்னப் பிள்ளைகள் இருக்கிற வாங்கு. முழங்கால் நெஞ்சில் முட்ட அதில் குந்தினார். பின்னால் இருந்த வாங்குகளில் மற்ற வழக்குகளுக்கு வந்த சனம். பக்கத்தில் கமலாசனி. "சபைக்கு ஒருக்காப் போகவேணும், நல்ல சீலை உடு" என்பதற்குமேல் அவளுக்கு அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

எதிர்த்தரப்பு நான்கு பேராக வந்தது. ராசு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி அழகம்மாவின் மடியில் ஒரு துணிப்பை. சஜீவன் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்போடு நிலத்தைப் பார்த்தான். பிரஷாந்தினி தகப்பனைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. பார்த்தால் கதை சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"டிமீட்டர் எண்டு ஒரு தாய்," என்று எழும்பி நின்று தொடங்கினார். "பயிர் பச்சைக்குப் பொறுப்பான தெய்வம். ஒரே மகள், பெர்சிபோன். பூ ஆயப் போன இடத்தில நிலம் பிளந்தது. பாதாளத்து ராசா ஹேடிஸ் தேரில வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போட்டான்."

தேர் என்றதும் சஜீவன் வெளியே வேம்பில் சாய்த்துவைத்திருந்த தன் பழைய மோட்டார் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தான்.

"தாய் சோறு தண்ணியில்லாமல் தேடித் திரிஞ்சா. வயலெல்லாம் காய்ஞ்சுது. ஒரு நெல் முளைக்கேல்லை. சனம் சாகப்போகுதெண்டு கண்ட சியுஸ், பிள்ளையை விடச்சொல்லிப் பாதாளத்துக்கு ஆள் அனுப்பினார். அவனும் விடச் சம்மதிச்சான். ஆனால் அதுக்கிடையில அவள் அங்க மாதுளம் விதை கொஞ்சம் திண்டிட்டாள்."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழும்பியது. மாதுளைக்கும் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கிரேக்கம் படித்த பிள்ளைகள் மண்டையை உடைப்பார்கள். இங்கே ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கலியாணம் பேசப் போகிற வீட்டில், முடிவு சரிவருமட்டும் ஒருவரும் கை நனைக்கமாட்டார்கள். பலகாரத் தட்டு முன்னால் இருக்கும், வாயூறும், கை மட்டும் போகாது. அந்த வீட்டுச் சாப்பாட்டில் கை வைத்தால் சம்மதம் என்றுதான் அர்த்தம்.

"கை நனைச்சிருச்சு," என்றார் ராசு.

"அதுதான். கை நனைச்சிட்டாள்," என்றார் பரமலிங்கம். எதிர்த்தரப்பு இவ்வளவு விரைவாகச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது அவருக்குச் சந்தோஷம். "அதுக்குமேல சியுசாலயும் ஒண்டும் செய்ய ஏலேல்லை. திண்ட ஒவ்வொரு விதைக்கும் ஒரு மாசம். அவ்வளவு மாசம் அங்க, மிச்ச மாசம் தாயோட. அதுதான் இணக்கம். அதைத்தான் என்ர மனுசியும் கேக்கிறாள்."

கமலாசனி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

ராசு ஒரு அடி முன்னால் வந்தார். "ஒரு விசயங்க. வயலு காஞ்சு போச்சுன்னீங்களே, எத்தன ஏக்கர்?"

"அது கிரேக்கத்தில."

"இல்லீங்க, ஒங்க வயலு. புல்லு ஏறிக் கெடக்குன்னு மருமக அழுதுச்சு. நாங்க நாலு பேர் வந்தா புடுங்கிரலாம்."

பரமலிங்கம் திரும்பி இராசமலரைப் பார்த்தார். இராசமலர் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்.

"முறைப்பாட்டுக்காரியை நாங்கள் இன்னும் கேக்கேல்லை. கமலாசனி, நீங்கள் சொல்லுங்கோ."

"நான் ஒரு முறைப்பாடும் குடுக்கேல்லை அக்கா." கமலாசனி சீலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அந்தக் கதையில தாய் ஏன் பாதாளத்துக்குப் போய் மகளைப் பாக்கேல்லை?"

"அவவுக்கு வழி தெரியாது," என்றார் பரமலிங்கம்.

"எனக்குத் தெரியும். புதுக்குடியிருப்பில இறங்கி மாறினால் பரந்தன் பஸ். வெள்ளிக்கு வெள்ளி போய்வாறனான். நானும் அங்க கை நனைச்சிட்டன்."

பின் வாங்குகளிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. பரமலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

"நீ கோயிலுக்கெல்லோ போனனீ?"

"பஸ்ஸுக்குள்ள இருந்து கும்பிட்டனான்."

"இரவில பசியில்லையெண்டு..."

"பசிக்காதுதானே. அழகம்மா அக்கா ரொட்டி சுட்டால் எழும்ப விடமாட்டா." இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. "அக்கா, நான் நல்லாத்தான் இருக்கிறன். சோறு போட்டால் அளைஞ்சுபோட்டு எழும்பிறது இவர். வயலுக்குப் போகாதது இவர். பின்னேரத்தில அந்தக் கதிரையைத் திருப்பிப் போட்டுட்டு வெறும் முத்தத்தைப் பாத்துக்கொண்டு கிடக்கிறது இவர். எனக்குத் துக்கமெண்டு சொல்லி இவர்தான் அழுறார்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. பரமலிங்கத்துக்கு முதலில் வந்தது கோபம். பிறகு வெட்கம் வந்தது. அதற்குப் பின்னால், நாலு மாதமாக மனைவியின் பெயரில் எழுதி ஒதுக்கிவைத்த துக்கமெல்லாம் சொந்தக்காரனைத் தேடி வந்து சேர்ந்தது. முழுச் சபைக்கும் முன்னால், சின்னப் பிள்ளைகளின் வாங்கில் திரும்பக் குந்தி, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"அப்ப டிமீட்டர்..." என்று தொடங்கிய இராசமலர், பாவம் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிரஷாந்தினி எழும்பி வந்து தகப்பனுக்குப் பக்கத்தில், அதே வாங்கில் இருந்தாள்.

"அப்பா, என்னை ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகேல்லை. நான் என்ர காலால நடந்து போனனான். வாங்கோ எண்டு அண்டைக்கே கூப்பிட்டனான். நீங்கள் போனை வைச்சிட்டியள்."

"ஓம்," என்றார் அவர். மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

இதற்குள் அழகம்மா துணிப்பையை அவிழ்த்துவிட்டார். தாளில் சுற்றிய ரொட்டி, சின்னப் போத்தலில் மிளகாய் இடித்த கட்டைச் சம்பல், சூடு போகாத தேத்தண்ணி. மத்தியானம் தாண்டுகிறது, வழக்கு நடந்தால் என்ன நடக்காவிட்டால் என்ன, ஆட்களுக்குப் பசிக்கும் என்பதுதான் அவருடைய கணக்கு.

"சம்மந்தி, ரொட்டி ஆறுது. சாப்புடுங்க."

மண்டபமே பரமலிங்கத்தின் கையைப் பார்த்தது. கை நனைத்தால் பிறகு சியுஸாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சற்றுமுன் சபைக்கே சொன்னவர் அவர்தான். தாளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஒரு துண்டைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தார். ஆவணிக்குப் பிறகு அவருக்கு முதன்முதலாக வாய் ருசித்தது. அதன்பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை. சாப்பிட்டார். சம்பல் உறைப்பில் கண்ணில் தண்ணீர் ஓடியது, அதைத் துடைக்கவும் இல்லை.

தாள் வெறுமையானபோது பிரஷாந்தினி கேட்டாள்.

"அப்பா, எத்தினை ரொட்டி திண்டனீங்கள்?"

"ஆர் எண்ணினது?"

"நான் எண்ணினன். நாலு." அவள் இராசமலரின் பக்கம் திரும்பினாள். "முன்தீர்ப்புப்படி நாலு மாசம் எங்கட வீட்டிலயெல்லோ இருக்கவேணும்?"

பின் வாங்குகள் ஆரவாரித்தன. இராசமலர், தவிசாளருக்குரிய முகத்தை வைத்துக்கொள்ளப் படாத பாடுபட்டு, "சட்டம் அவர் கொண்டுவந்த சட்டம்தான்," என்றார். ராசு, "எடம் இருக்குங்க," என்றார் உண்மையாகவே. பரமலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு ஒலிம்பஸ் மலை முழுக்க ஏறி இறங்கிப் பார்த்தார். இதற்கு எதிர்வாதம் செய்த தேவன் ஒருவனும் அகப்படவில்லை.

அவர் கமலாசனியின் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"பரந்தன் பஸ் காலமை எத்தினை மணிக்கு?"

"ஆறரைக்கு," என்றாள் அவள். "வெள்ளிக்கிழமையில கொஞ்சம் பிந்தும். நான் வருவனெண்டு றைவர் காத்து நிண்டு ஏத்துவார்."